டயாலிசிஸ் வாரமும் போதுமென்கிற மனதும்

இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்திகரிக்கிற டயாலிசிஸ், வாரத்துக்கு 3 முறை, முறைக்கு 4 மணி நேரம். சிறுநீரகம் செயலிழந்த ஒருவர் இருக்கிற வீட்டில் வேலை, சமையல், பிள்ளைகளின் பள்ளி, ஆலயம், தூக்கம் எல்லாமே இந்தக் கணக்கைச் சுற்றித்தான் ஓடும். மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும்வரை இது நிற்காது. கிடைக்காவிட்டால் ஆயுள் முழுக்க. இப்படிப்பட்ட வீட்டில் கிறிஸ்துவுக்குள் மனநிறைவோடு வாழ முடியுமா என்று கேட்டால், முடியும். எங்கள் வீட்டிலும், டயாலிசிஸ் பிரிவின் வாசலில் எங்களோடு காத்திருக்கிற பல வீடுகளிலும் கண்டதைத்தான் எழுதுகிறோம். எது உதவியது, எது கெடுத்தது என்பதை மட்டும் சொல்கிறோம். சொந்தக் கதை வேண்டாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மனநிறைவு வந்துவிட்டால் சுகத்துக்காக ஜெபிக்கக் கூடாது, ஜெபித்தால் அது அவிசுவாசம் என்று ஒரு எண்ணம் நம் சபைகளில் உண்டு. எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன் என்று பிலிப்பியர் 4:11இல் எழுதிய பவுல்தான், தன் மாம்சத்தின் முள் நீங்கும்படி மூன்று தரம் கர்த்தரிடம் வேண்டிக்கொண்டதாக 2 கொரிந்தியர் 12இல் சொல்கிறார். முள் போகவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. கேட்பதும் போதுமென்றிருப்பதும் ஒரே மனுஷனுக்குள் இருந்தன. எனவே உறுப்பு மாற்றுக்குப் பதிவு செய்யுங்கள், தினமும் கேளுங்கள், அதே வேளையில் இன்றைய நாளை வாழுங்கள். பிலிப்பியர் நிருபமே காவலில் இருந்தபடி எழுதப்பட்டது; விடுதலையாகும் நம்பிக்கையையும் அவர் அதில் மறைக்கவில்லை.

இனி வாரத்தின் அமைப்பு. செவ்வாய், வியாழன், சனி முறை என்றால் ஞாயிறும் திங்களும் நீண்ட இடைவெளி. திங்கள், புதன், வெள்ளி முறை என்றால் சனியும் ஞாயிறும். இரண்டாவது வகையினருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் உடம்பில் நீர் அதிகமாகச் சேர்ந்திருக்கும் நாள். கால் வீங்கும், மூச்சு வாங்கும், படுத்தால் இருமல் வரும். அந்த நாளில் இரண்டரை மணி நேர ஆராதனையில் உட்கார முடியாமல் பாதியில் எழுந்து வருகிறவர்கள், தங்கள் பக்தி குறைந்துவிட்டது என்று அழுவதைப் பார்த்திருக்கிறோம். அது பக்திக் குறைவு அல்ல, நீர்ச்சுமை. ஒன்று, டயாலிசிஸ் பிரிவில் பேசி முறையை மாற்றிக் கேட்கலாம். இடம் காலியாகும்போது பெரும்பாலும் தருவார்கள். இல்லையென்றால் பின்வரிசையில் ஓரமாக உட்கார்ந்து, பிரசங்கமும் நற்கருணையும் மட்டும் இலக்கு என்று முன்பே தீர்மானித்துக்கொண்டு போகலாம். நற்கருணையில் பருகுகிற ஒரு மிடறு பெரிய கணக்கில்லை. ஆராதனை முடிந்து கொடுக்கிற டீயும், அசனப் பண்டிகை அன்று உப்பும் காரமுமாகச் சாப்பிடுகிற கறிச்சோறும் அதைத் தொடர்ந்து இரவெல்லாம் வருகிற தாகமும்தான் கணக்கு.

தாகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஊசி வலியைவிட இதுதான் மனதை அதிகமாக உடைக்கிறது. சிறுநீர் மிகவும் குறைந்துவிட்டவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1 லிட்டர் என்றுதான் மருத்துவர்கள் பெரும்பாலும் அளவு சொல்வார்கள்; ஆளுக்கு ஆள் மாறும். ரசம், மோர், சாம்பார், காபி, மாத்திரை விழுங்குகிற தண்ணீர், ஐஸ் கட்டி எல்லாம் அதற்குள் அடக்கம். காலையிலேயே அந்த அளவை ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொண்டு, வேறு எதைக் குடித்தாலும் அதே அளவை பாட்டிலிலிருந்து கொட்டிவிடுவது எளிய வழி. வாய் கொப்பளித்துத் துப்பலாம். உப்பைக் குறைத்தால் தாகமும் குறையும்; ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் வீட்டில் எல்லாருமே விட்டால்தான் இது நடக்கும்.

இந்தத் தாகத்தோடு வாசிக்கும்போது சில வேதபகுதிகள் வேறு மாதிரி பேசும். வறண்ட நிலத்தில் இருந்துகொண்டு ஆத்துமா தேவன்மேல் தாகமாயிருக்கிறது என்கிற 63ஆம் சங்கீதம் அப்படி ஒன்று. சிலுவையில் "தாகமாயிருக்கிறேன்" என்று இயேசு சொன்னது அதைவிட ஆழமானது. தாகத்தை அடக்கச் சொல்லித் தூரத்திலிருந்து கட்டளையிடுகிற ஒருவரிடம் நாம் ஜெபிக்கவில்லை. நாக்கு வறண்ட நிலையில் அதை வாய்விட்டுச் சொன்னவரிடம் ஜெபிக்கிறோம். இந்த ஒரு உண்மை, நாங்கள் அறிந்தவரை, எந்த ஆறுதல் பேச்சையும்விட அதிக வேலை செய்திருக்கிறது.

ஜெபமும் வாசிப்பும் எப்போது? இயந்திரத்தில் படுத்திருக்கிற 4 மணி நேரமும் கிடைக்கும் என்று நினைத்து ஆரம்பித்தால் ஏமாற்றம்தான். கடைசி ஒன்றரை மணி நேரத்தில் பலருக்கு ரத்த அழுத்தம் இறங்கும், கெண்டைக்கால் பிடிக்கும், தலை சுற்றும். அந்த நேரத்தில் வாசிக்க முடியவில்லை என்பதற்காகக் குற்ற உணர்வு வேண்டாம். முதல் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக அறுவையில் ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) உள்ள கையை அசைக்கக் கூடாது என்பதால் கனமான வேதாகமத்தைப் பிடிக்க முடியாது. போனில் ஒலி வேதாகமத்தை இயர்போன் வைத்துக் கேட்பதே சரிவரும். ஒரு நாளைக்கு ஒரு சங்கீதம் போதும். பக்கத்துப் படுக்கையில் இருப்பவருக்கு அவருடைய நம்பிக்கை இருக்கும். சத்தமாகப் பாட வேண்டாம்.

முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு அன்று முழுக்க உடல் பிழிந்துபோட்டதுபோல் இருக்கும். அன்றைக்குக் குடும்ப ஜெபத்தை 5 நிமிடத்தில் முடித்துவிடலாம்: ஒரு பாமாலைச் சரணம், ஒரு வசனம், கர்த்தருடைய ஜெபம். மறுநாள்தான் தெம்புள்ள நாள். நீண்ட வாசிப்பு, ஆழ்ந்த மன்றாட்டு, யாரையாவது போய்ப் பார்ப்பது எல்லாவற்றையும் அந்த நாளுக்கு வையுங்கள்.

எந்தச் சங்கீதம் என்பதும் முக்கியம். நோயாளியிடம் எல்லாரும் 23ஐயும் 91ஐயும்தான் கொடுக்கிறார்கள். நல்லவைதான். ஆனால் வாதை உன் கூடாரத்தை அணுகாது என்கிற 91ஐ மட்டுமே வாசிக்கிறவர், வாதை என் கூடாரத்தை அணுகிவிட்டதே, எங்கே தவறினேன் என்று தன்னையே குடைய ஆரம்பித்துவிடுகிறார். 13ஆம் சங்கீதத்தில் ஆரம்பியுங்கள். 6 வசனம்தான். முதல் 2 வசனத்திலேயே "எதுவரைக்கும்" என்று 4 முறை கேட்கிறது. கேட்டு முடித்து, உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன் என்று வந்து நிற்கிறது. இந்த வரிசையைக் குறுக்கே தாண்டக் கூடாது. முறையிடாமல் நேராக ஸ்தோத்திரத்துக்குப் போனவர்கள் நாளடைவில் ஜெபத்தையே விட்டுவிடுவதைக் காண்கிறோம், ஏனென்றால் உள்ளே இருப்பதைச் சொல்ல அவர்களுக்கு இடமே இல்லாமல் போகிறது. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. வேதத்தில் அதற்கும் இடமிருக்கிறது என்பதே பெரிய விடுதலை. பக்கத்துப் படுக்கைக்காரருக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடைத்துவிட்டது, நமக்கு இல்லை என்று மனம் கசக்கிற வாரத்துக்கு 73. அடுத்தவன் நன்றாயிருக்கிறதைப் பார்த்துக் கால் சறுக்கப்போனவன் எழுதியது.

முறையிடுவது உடம்புக்கும் தேவை. எப்படி இருக்கிறீர்கள் என்று நர்ஸ் கேட்டால் "கர்த்தர் நல்லவர், நன்றாயிருக்கிறேன்" என்று சொல்லிப் பழகியவர்கள் மூச்சுத் திணறலையும் மறைத்துவிடுவார்கள். கர்த்தர் நல்லவர் என்பதைச் சொல்லிவிட்டு, நேற்று இரவு மூன்று தலையணை வைத்துத்தான் படுக்க முடிந்தது என்பதையும் சொல்லுங்கள்.

நன்றி சொல்வதற்குத் தனி நோட்டு வேண்டாம். எடை, ரத்த அழுத்தம், குடித்த தண்ணீர் எழுதுகிற அதே நோட்டில் கீழே ஒரு வரி போதும். பிலிப்பியர் 4:6 விண்ணப்பத்தையும் ஸ்தோத்திரத்தையும் சேர்த்தே சொல்கிறது. அதனால் அந்த வரியில் பாதி கேட்பது, பாதி கிடைத்தது. கிடைத்தது என்பது அன்றைக்கு நிஜமாகவே கிடைத்ததாக இருக்க வேண்டும்: முதல் குத்திலேயே ஊசி ஏறியது, இன்று கால் பிடிக்கவில்லை, பஸ்ஸில் ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான். "எல்லாவற்றுக்காகவும் ஸ்தோத்திரம்" என்று எழுதினால் இரண்டே வாரத்தில் கை மட்டும் எழுதும், மனம் அங்கே இருக்காது. இது உடனே பலன் தருகிற பழக்கமும் இல்லை. சில மாதங்கள் கழித்துப் பழைய பக்கங்களைப் புரட்டும்போதுதான், மோசம் என்று நினைத்த வாரங்களுக்குள்ளும் நம்மைத் தாங்கியது எவ்வளவு என்று தெரியவரும்.

இனி ஆபத்தான இடம். சுகமளிக்கும் கூட்டத்தில் ஜெபித்த பிறகு, சுகம் கிடைத்துவிட்டது என்று நம்பி டயாலிசிஸை நிறுத்துவது. சிறுநீரே போகாத ஒருவருக்குச் சில நாட்களிலேயே ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடக்கூடும். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். தேவன் சுகப்படுத்தினால் அது ரத்தப் பரிசோதனையிலும் தெரியும். இயேசு குஷ்டரோகியைச் சொஸ்தமாக்கிவிட்டு, போய் ஆசாரியனுக்கு உன்னைக் காண்பி என்றுதான் சொன்னார். மருத்துவர் பார்த்து நிறுத்தச் சொல்கிறவரை ஒரு முறையையும் விடாதீர்கள். மருந்துக்கும் விசுவாசத்துக்கும் சண்டை மூட்டுகிறவர்களுக்கு வேலூரைக் காட்டுங்கள். 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய கிறிஸ்தவ ஊழியம் மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. 1971இல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அங்கேதான் நடந்தது. பவுலோடு ஊழியம் செய்த துரோப்பீமுவும் மிலேத்துவில் வியாதியாகவே விட்டுவரப்பட்டான் என்று 2 தீமோத்தேயு 4:20 ஒளிக்காமல் சொல்கிறது. அதற்காக அவனை யாரும் அவிசுவாசி என்று சொல்லவில்லை.

உபவாசமும் அதேபோல். லெந்து நாட்களில், பெரிய வெள்ளி மும்மணி ஆராதனைக்கு, வெறும் வயிற்றோடு இருக்கிற வழக்கத்தை டயாலிசிஸ்காரர் தொடரக் கூடாது. இன்சுலின் போடுகிறவருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கும்; டயாலிசிஸ் அன்று பட்டினி என்றால் ரத்த அழுத்தம் சரியும். நாள் முழுவதும் ஏற்கெனவே தண்ணீரை அளந்து குடிக்கிற ஒருவர் ஆண்டு முழுக்க உபவாசத்தில்தான் இருக்கிறார். அதையே காணிக்கையாக்கி ஜெபிக்கலாம்.

எந்தப் பாவத்தினால் இது வந்தது என்று தேடச் சொல்லி வீட்டுக்கு வருகிறவர்களும் உண்டு. பிறவிக் குருடனைப் பற்றிச் சீஷர்கள் கேட்டதும் அதே கேள்விதான். இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று இயேசு அதை அங்கேயே வெட்டிவிட்டார். பெரும்பாலானவர்களுக்குச் சர்க்கரை நோயாலும் ரத்த அழுத்தத்தாலும்தான் சிறுநீரகம் கெடுகிறது. அதை அறிந்து, வீட்டிலுள்ள மற்றவர்களும் பரிசோதித்துக்கொள்வதுதான் நல்ல பலன் தரும் தேடல்.

பணம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் அடங்கும். அட்டை இல்லாதவர்கள் குடும்ப அட்டை, வருமானச் சான்றோடு முதலில் அதை முடித்துவிடுங்கள். ஆனாலும் போக்குவரத்து, இழந்த கூலி, வெளியே வாங்குகிற மருந்து என்று கை கரையும். விதைக் காணிக்கை கொடுத்தால் சுகம் என்று யார் கேட்டாலும் நகையை அடகு வைக்காதீர்கள். பொருத்தனையும் இந்த நேரத்தில் வேண்டாம்; நடக்காமல்போனால் நோயோடு கசப்பும் சேரும். மாறாக, உதவி வாங்கக் கூச்சப்படாதீர்கள். போதுமென்ற மனம் உள்ளவன் யாரிடமும் வாங்க மாட்டான் என்பது வீறாப்பு. பிலிப்பியர் 4ஆம் அதிகாரத்தின் பின்பாதி முழுக்க, எப்பாப்பிரோதீத்துவின் கையில் சபை அனுப்பிய உதவிக்கு பவுல் எழுதிய நன்றிதான்.

உதவியைக் குறிப்பாகக் கேட்க வேண்டும். பார்க்க வருகிறவர்கள் அன்போடு இளநீரும் வாழைப்பழமும் ஆரஞ்சும் வாங்கி வருவார்கள். மூன்றிலும் பொட்டாசியம் அதிகம். "அண்ணாச்சி, இளநீர் இவங்களுக்கு ஆகாது. வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை கூட வாங்க, அதுவே பெரிய உதவி" என்று சொல்லிவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை, என்ன செய்வதென்று தெரியாமல்தான் பழம் வாங்குகிறார்கள்.

கடைசியாக, பார்த்துக்கொள்கிறவர்கள். நோயாளிக்கு முன்பாகவே மனம் தளர்ந்துபோகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான், மனைவியோ மகளோ. சாக வேண்டும் என்று சூரைச்செடியின்கீழ் படுத்த எலியாவைத் தேவதூதன் கண்டிக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்க விட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். தேவன் அவனோடு பேசியது அதற்கப்புறம். எனவே பார்த்துக்கொள்கிறவருக்கு முதல் ஆவிக்குரிய ஒழுங்கு வேளைக்குச் சாப்பாடும் 6 மணி நேரத் தூக்கமும். இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமின்மை, அழுகை, எதிலும் பிடிப்பில்லாமை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். நோயாளிக்கும் இது பொருந்தும். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பது கிறிஸ்துவை மறுதலிப்பது ஆகாது. சபையில் பெண்கள் ஐக்கிய சங்கமோ ஜெபக் குழுவோ இருந்தால், வாரத்தில் ஒரு டயாலிசிஸ் நாளையாவது அவர்களில் ஒருவர் ஏற்றுக்கொள்ளும்படி ஆயரிடம் கேளுங்கள். துணைக்கு வருகிறவருக்குத் தெரிய வேண்டியவை குறைவு: ஃபிஸ்டுலா கையில் பை மாட்டவோ ரத்த அழுத்தம் பார்க்கவோ விடக் கூடாது, ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நின்றதைப் பார்த்த பிறகே கிளம்ப வேண்டும், கண்ணை மூடிப் படுத்திருப்பவரிடம் பேச்சுக் கொடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.