டிஎன்பி சேர்க்கை: மணிக்கணக்கு கேட்டு சென்னையில் அலைந்த அனுபவம்

அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனராக (தாமே நோயாளியைப் பார்த்து மருந்து எழுதும் உயர்நிலை நர்ஸ்) வேலை பார்க்கும் நம் ஆட்கள் டிஎன்பி (நர்சிங்கில் டாக்டர் பட்டம்) சேர நினைத்தால், முதலில் கையில் எடுக்க வேண்டியது மணிக்கணக்கு, அதாவது வகுப்பிலும் பயிற்சியிலும் எத்தனை மணி நேரம் முடித்தோம் என்ற கணக்கு. கட்டுரை, சிபாரிசுக் கடிதம், வீடியோ நேர்காணல் எல்லாம் எனக்கு எளிதாகவே முடிந்தன. மணிக்கணக்கில்தான் விடுமுறையே கரைந்தது.

டிஎன்பி பட்டத்துக்குப் பொதுவாக, பி.எஸ்சி. நர்சிங்குக்குப் பிறகு படிப்பின் பகுதியாக, மேற்பார்வையில் செய்த கிளினிக்கல் பயிற்சி மொத்தம் 1,000 மணி நேரம் வேண்டும். மாஸ்டர்ஸில் செய்ததைக் கழித்துக்கொள்வார்கள், மிச்சத்தை டிஎன்பியில் முடிக்கலாம். வேலை பார்த்த வருடங்களை என் பல்கலைக்கழகம் சேர்க்கவில்லை. ஐசியூவில் இரவெல்லாம் நின்றதும், பிறகு கிளினிக்கில் நானே நோயாளியைப் பார்த்து மருந்து எழுதியதும் அந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்திலும் வராது. அது எனக்கு இன்னும் வலிக்கிறது. சரி, மாஸ்டர்ஸ் மணிகளை அங்கிருந்த டைரக்டர் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பிவிட்டார்.

அந்த 1,000 மணியில் சேராவிட்டாலும் கணக்குக் காட்ட வேண்டியிருந்த, சென்னையில் படித்த பி.எஸ்சி.க்குத்தான் சோதனை. லைசென்ஸுக்காக முன்பு செய்த எவாலுவேஷன் (நம் படிப்பு அமெரிக்கப் படிப்புக்குச் சமமா என்று பார்க்கும் மதிப்பீடு) போதாது, பாடவாரியாக தியரி மணி தனி, கிளினிக்கல் மணி தனி என்று புதிதாக வேண்டும் என்றார்கள். கல்லூரி அலுவலகத்தில் அந்த மணிகளோடு டிரான்ஸ்கிரிப்ட் (பாடவாரியான படிப்பு விவரச் சான்று) கேட்டால், "மார்க்‌ஷீட்தான்மா டிரான்ஸ்கிரிப்ட். மணி எல்லாம் இதுல எங்க வரும்?" என்றார் கிளார்க். படிவத்தைக் காட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், பிரின்சிபால் மேடம் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறார், அடுத்த வாரம் வாங்க என்றார். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் வெயிலில் போய் வருகிறவளுக்கு அடுத்த வாரம் என்பது சின்ன விஷயமா?

ஒருவழியாக எழுதி, சீல் வைத்த உறையில் கொடுத்தார்கள். உறையைப் பிரிக்கக் கூடாது என்பதால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியவில்லை. எவாலுவேஷனில் நிராகரித்த பிறகுதான் தெரிந்தது: இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் கொண்டுவந்த செமஸ்டர் முறைப் பாடத்திட்டத்தைப் பார்த்து மணிகளை நிரப்பியிருக்கிறார்கள்! நாங்கள் படித்தது வருட முறை. மார்க்‌ஷீட்டில் இருக்கிற பாடமும் டிரான்ஸ்கிரிப்டில் இருக்கிற பாடமும் ஒத்துப்போகவே இல்லை. நான் படித்த வருடம் படிவத்தின் முதல் வரியிலேயே இருந்தது.

வேறொரு கல்லூரியில் டியூட்டராக இருக்கும் சீனியர் அக்காதான் வழி சொன்னார். "அவங்க எழுதுவாங்கன்னு உட்கார்ந்திருக்காதே. உங்க பேட்ச் சிலபஸை எடு, நீயே டேபிள் போட்டு டைப் பண்ணிட்டுப் போ. அவங்க சரிபார்த்து கையெழுத்துப் போட்டா போதும்." பழைய பாடத்திட்டப் புத்தகம் கல்லூரி நூலகத்திலேயே தூசி படிந்து கிடந்தது. ஒவ்வொரு பாடத்துக்கும் தியரி, பிராக்டிகல் மணிகளை அதிலிருந்து எடுத்து அட்டவணையாக்கி, அந்தப் பக்கங்களின் நகலையும் இணைத்து, நேராக பிரின்சிபால் மேடத்திடம் கொடுத்தேன். மேடம் புத்தகத்தோடு வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, லெட்டர்ஹெட்டில் அச்செடுக்கச் சொல்லி அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் அக்காவுக்குத்தான் முதல் போன்.

பெயர் விஷயத்தையும் முன்கூட்டியே பாருங்கள். நம் சான்றிதழ்களில் இனிஷியல் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோ கணவர் பெயரோ முழுதாக இருக்கும். இரண்டும் ஒருவரே என்று அஃபிடவிட் எழுதி, நோட்டரி கையெழுத்து வாங்கி ஆரம்பத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். பாரிமுனையில் ஹைகோர்ட் பக்கம் போனால் அது எளிதாக முடியும். உறை ஒட்டிய இடத்தின் மேல் சீல் விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். உள்ளே போவதன் நகலை உறை ஒட்டுவதற்கு முன்பே கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள்.

அலைந்த நாட்களில் ஒரு கன்சல்டன்சியில், டிஎன்பி இல்லாவிட்டால் நர்ஸ் பிராக்டிஷனர் லைசென்ஸே போய்விடும் என்று ஜூனியர் பெண்களைப் பயமுறுத்திக்கொண்டிருந்தார்கள். நம்பாதீர்கள். 2015-க்குள் எல்லோரும் டிஎன்பிக்கு மாற வேண்டும் என்று அமெரிக்க நர்சிங் கல்லூரிகளின் சங்கம் 2004-ல் சொன்னது உண்மைதான். ஆனால் அது பரிந்துரை, சட்டம் ஆகவில்லை. மாஸ்டர்ஸ் முடித்து இன்றும் நர்ஸ் பிராக்டிஷனர் ஆகலாம். மயக்க மருந்து நர்சிங்கில்தான் 2022 முதல் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு டாக்டரேட் கட்டாயம். இங்கே கிரிட்டிக்கல் கேர் நர்ஸ் பிராக்டிஷனர் எம்.எஸ்சி. முடித்த தங்கைகளும் கவனிக்கவும்: மாஸ்டர்ஸுக்குப் பிந்தைய டிஎன்பிக்குப் பெரும்பாலும் அமெரிக்க ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) லைசென்ஸும் அங்கத்திய நர்ஸ் பிராக்டிஷனர் சான்றும் கேட்பார்கள். அந்த ஆர்.என். லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ் தேர்வை எழுதாமல் யாரிடமும் பணம் கட்டிவிடாதீர்கள்.

என் எவாலுவேஷன் இப்போது ஏற்கப்பட்டு, அது முடிந்தால்தான் சேர்க்கை உறுதி என்று இருந்த நிபந்தனையும் நீங்கிவிட்டது. நான் டைப் செய்த அட்டவணையின் கோப்பை கல்லூரி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். எங்கள் பேட்ச்காரர்கள் யாராவது போனால், அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.