கணக்குப்படி

“நான் யாருக்காச்சும் பாக்கி வச்சிருக்கேனா தம்பி?” என்று கேட்டார், அப்போதுதான் ஜெயித்திருந்த எம்எல்ஏ. “கணக்குப்படி யாருக்கும் இல்லண்ணே” என்றேன். சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். பேச்சு அத்தோடு முடிந்தது. முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

2016 சட்டமன்றத் தேர்தல் முடிந்து, செலவுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய நேரம். முடிவு அறிவித்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கொடுத்தாக வேண்டும். தவறினால் தேர்தல் ஆணையம் மூன்று வருஷத்துக்குப் போட்டியிடவே முடியாதபடி செய்யலாம். தோற்றவர்களுக்கு அது தலைவலி. ஜெயித்தவர்களுக்கோ ஞாபகமே இருக்காது, சால்வை வாங்கவே நேரம் போதாது. ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் என்னைப் போன்றவர்கள்தான் பின்னாலேயே அலைந்து பக்கம் பக்கமாகக் கையெழுத்து வாங்குவோம்.

அந்தப் பதிவேட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அன்றாடச் செலவுக்கு வெள்ளைத் தாள், ரொக்கத்துக்கு இளஞ்சிவப்பு, வங்கிக்கு மஞ்சள். வேட்பு மனுவுக்கு முன்பே தனி வங்கிக் கணக்கு. ஒருவருக்கு 20,000 ரூபாய்க்கு மேல் என்றால் காசோலைதான். டீ, நாற்காலி, ஷாமியானா என்று எல்லாவற்றுக்கும் மாவட்ட நிர்வாகம் விலைப்பட்டியல் போட்டுவிடும். நாம் அந்த விலையில்தான் எழுத வேண்டும். தேர்தல் ஆணையத்தின் செலவுப் பார்வையாளர் தரப்பில், நம் செலவைக் கவனித்துத் தனியாக ஒரு நிழல் பதிவேடு ஓடும். அதுவும் இதுவும் ஒத்துப்போக வேண்டும். எங்களுடையது ஒத்துப்போனது. உச்சவரம்பு 28 லட்சம், நாங்கள் அதற்கு வெகு கீழே. இன்றைக்கு யார் எடுத்துப் பார்த்தாலும் அது சுத்தமான வேலைதான்.

சரி, இன்னொரு கணக்கு இருந்தது. நாற்பது பக்க நோட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பது மாதிரி. ரைஸ்மில்காரர் வைத்திருந்தார். எங்கள் ஆபீஸின் பழைய கிளையண்ட் அவர். என்னை வேட்பாளரிடம் அனுப்பி வைத்ததும் அவர்தான். பூத் கமிட்டிச் சாப்பாட்டுக்குப் போன அரிசி, கல்யாண மண்டப வாடகை, பெட்ரோல் டோக்கன் எல்லாம் அந்த நோட்டில் இருக்கும். டோக்கன் என்றால் ரோஸ் கலர் துண்டுச் சீட்டு, மூலையில் ஒரு சுழி. குறிப்பிட்ட பங்க்கில் நீட்டினால் பைக்குக்குப் பெட்ரோல் போடுவார்கள். அந்தச் சீட்டெல்லாம் மாதக் கடைசியில் லாரி ஒப்பந்தக்காரரின் டீசல் பில்லோடு சேர்ந்துவிடும். லாரி எவ்வளவு குடித்தது, ஊர்வலம் எவ்வளவு குடித்தது என்று பிரிக்க ஆண்டவனால்கூட முடியாது. மூன்றாவது ஆள் ஒரு பைனான்ஸ்காரர். அவர் பெயர் எங்கேயும் வராது, நோட்டிலும் ஒரு எழுத்தோடு சரி. கடைசி இரண்டு நாள் வேலை அவருடையது என்று பேச்சு. அந்த வேலைக்கு என்னைப் போன்றவர்களைக் கூப்பிடுவதில்லை. பணப் பட்டுவாடா புகாரில் தஞ்சாவூரில் தேர்தலையே ரத்து செய்துவிட்டு நவம்பரில் நடத்திய வருஷம் அது. எல்லோரும் ஜாக்கிரதையாகத்தான் இருந்தார்கள்.

ஒருநாள் மில்காரர் அரிசி மூட்டைக் கணக்கு சரிபார்க்க அந்த நோட்டை என் கையில் கொடுத்தார். பார்த்து முடித்துத் திருப்பிக் கொடுக்கும்போது நோட்டு தலைகீழாகக் கவிழ்ந்தது. பின்னட்டையிலிருந்து இன்னொரு கணக்கு தொடங்கியிருந்தது, எதிர் வேட்பாளரின் பெயரில். தொகைகள் அப்படியொன்றும் குறைச்சலில்லை. மில்காரர் பதறவில்லை, பிடுங்கவும் இல்லை. “ரெண்டு வாய்க்கால்லயும் தண்ணி விட்டாத்தான் தம்பி, எது பாயுதோ அது நம்ம வயல்” என்றார். அப்புறம், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தபடி, “அவருக்கு இதெல்லாம் தெரிய வேணாம். தெரிஞ்சா அவருக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம்.”

இது வெறும் சாமர்த்தியமான பேச்சு என்றுதான் அப்போது நினைத்தேன். பிறகு சட்டத்தை எடுத்துப் படித்தால், மனிதர் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் பிரிவு 77-ஐத்தான் சொல்லியிருக்கிறார். வேட்பாளரோ அவருடைய முகவரோ செய்த செலவு, அல்லது அவர்கள் அனுமதித்துச் செய்த செலவு, இதுதான் கணக்கில் வர வேண்டும். 1974-ல் டெல்லித் தொகுதி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், வேட்பாளருக்குத் தெரிந்து கட்சியோ நண்பர்களோ செய்வதும் அவர் செலவுதான் என்றது. அதே வருஷம் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அந்தத் தீர்ப்பை ஒன்றுமில்லாமல் ஆக்கியது. 2003-ல் அந்த ஓட்டையை ஓரளவுக்கு அடைத்தார்கள். ஆனால் வேட்பாளருக்கே தெரியாமல் ஒருவர் செலவழித்தால்? அதற்கு அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 171எச் என்று ஒரு பிரிவு இருந்தது. அதிகபட்ச அபராதம் 500 ரூபாய். ஆக, தெரியாமல் இருப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு. நான் வாயை மூடிக்கொண்டிருந்ததை அவருக்குச் செய்த உதவி என்றே எடுத்துக்கொள்ளலாம். பல நாள் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

அவர் கேட்ட கேள்விக்கு மறுபடி வருகிறேன். பந்தல்காரர் பாக்கி, பிளெக்ஸ் அடித்தவர் பாக்கி என்று சில்லறை விஷயமாகக் கேட்டாரா? அப்படியானால் என் பதில் கச்சிதம். ஒருத்தர் விடாமல் பைசல் செய்து ரசீது வாங்கியிருந்தேன். அல்லது அந்த மூன்று பேரைப் பற்றிக் கேட்டாரா? அப்படியானால் அவருக்கு முன்பே தெரியும், நான் சொல்ல என்ன இருக்கிறது? எப்படிப் பார்த்தாலும் நான் சொன்னது சரியாகத்தான் வருகிறது. வந்தும் ஏன் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று கேட்டால், அவர் பேனாவை எடுத்துவிட்டுக் கேட்டார் என்பதுதான். மற்ற பேச்செல்லாம் கையெழுத்துப் போட்டுக்கொண்டே பேசினார். இதற்கு மட்டும் பேனா தாளை விட்டு எழும்பி நின்றது.

அவரை நான் லேசாகச் சொல்லிவிட முடியாது. ஒன்றியக் கவுன்சிலராக இருந்தபோதே துக்க வீடு ஒன்று விடமாட்டார். நடுராத்திரியில் பாம்பு கடித்தவனைத் தன் வண்டியில் தூக்கிப்போட்டுக்கொண்டு தஞ்சாவூர் மெடிக்கலுக்கு ஓடியவர். ஜனங்கள் அவருக்காகத்தான் ஓட்டுப் போட்டார்கள் என்று அவர் நம்பினார். அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த வண்டிக்கு யார் ஜாமீன் போட்டது, கும்பாபிஷேகப் பத்திரிகையில் அவர் பெயர் திடீரென்று முதல் வரிசைக்கு எப்படி வந்தது, வாலிபால் போட்டியில் அவர் கையால் கொடுத்த முதல் பரிசுப் பணம் யாருடையது என்பதெல்லாம் அந்த நோட்டுக்கு முந்தைய நோட்டுகளில் இருந்திருக்க வேண்டும். சீட்டு கிடைத்ததும் அப்படித்தான். சென்னையில் யாரோ, “செலவு தாங்குவாரா?” என்று கேட்டார்களாம். தாங்குவார் என்று சொல்லப் போனவர் மில்காரர். அவர் கட்சி உறுப்பினர்கூட இல்லை. எந்தக் கட்சியிலும் இல்லை.

மந்திரியாக வேண்டும் என்ற ஆசை அவருக்கு உண்டு. கையெழுத்துப் போடும்போதே “அடுத்த தடவை உன்னை பிஏவா வச்சுக்கறேன்” என்று விளையாட்டாகச் சொன்னார். ஆசை உள்ளவரிடம்தான் இப்படிப்பட்டவர்கள் பணத்தைப் போடுவார்கள். ஆசையில்லாதவனிடம் போட்டு என்ன திரும்ப வரும்?

2020-க்கு வருகிறேன். அந்த வருஷம் மேட்டூர் அணையை ரொம்ப காலத்துக்குப் பிறகு ஜூன் 12-லேயே திறந்தார்கள். குறுவை நன்றாக விளைந்தது. விளைந்தால் அடுத்த பிரச்சினை டிபிசி, அதாவது அரசு நேரடி நெல் கொள்முதல் நிலைய வாசலில்தானே. அக்டோபரில் புதுப் பருவக் கொள்முதல் தொடங்கியபோது, எடை போட்ட 40 கிலோ சிப்பங்கள் லாரி வராமல் அட்டியலாகக் கிடந்தன. அது நகர்ந்தால்தான் அடுத்தவர் நெல்லைத் தூற்ற முடியும். எங்கள் மாமனார் நெல்லும் சாலையோரத்தில் தார்ப்பாய்க்குள் கிடந்ததால் நானும் அங்கே நின்றேன். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்கமாட்டார்கள். தினமும் சாயங்காலம் மழை.

எம்எல்ஏ வந்தார். கூட்டம் சூழ்ந்துகொண்டது. ஒரு பெரியவர் குவியலுக்கு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தார். நெல்லெல்லாம் வெள்ளையாக முளைவிட்டு, ஒன்றோடு ஒன்று பின்னிக் கட்டியாக வந்தது. அவர் அதைக் கீழே போடவில்லை. கையில் வைத்துக்கொண்டே நிருபர்களிடம், “லாரி ஒப்பந்தம் எடுத்தவங்க மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லப் போறேன், யாரா இருந்தாலும் சரி” என்றார். யாரா இருந்தாலும் சரி என்று சொன்னபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒப்பந்தக்காரர் யார் என்பது எனக்குத் தெரியும். ரோஸ் கலர் சீட்டில் அவர் ஆள் போட்ட சுழி எனக்குப் பாடம்.

அன்றைக்கு ராத்திரி மில்காரரின் கார் எம்எல்ஏ வீட்டு வாசலில் நின்றதாகச் சொன்னார்கள். மறுநாள் பேட்டியில் “தொடர் மழைதான் காரணம், எல்லோரும் ஒத்துழைப்புக் கொடுத்து வருகிறார்கள்” என்றிருந்தது. ஒப்பந்தம் பற்றிப் பேச்சே இல்லை. இதில் வேடிக்கை, இரண்டு நாளில் அந்த டிபிசிக்கு லாரிகள் வந்துவிட்டன. மாமனார் நெல்லும் போனது. ஊரில் எம்எல்ஏவுக்கு நல்ல பெயர். பக்கத்து ஊர் டிபிசியில் மட்டும் மூட்டைகள் இன்னும் நனைந்துகொண்டிருந்தன. எங்கள் நெல் போனதற்கு நான் யாருக்கு நன்றி சொல்வது? மிரட்டியவருக்கா, மிரட்டலை வாபஸ் வாங்க வைத்தவருக்கா? வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்டேன். “நெல்லு போச்சுல்ல, சாப்புடுங்க” என்றார் மனைவி.

சில வாரம் கழித்து ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தேன். பந்தியில் எழுந்து கை கழுவப் போகும் இடத்தில் என் தோளைப் பிடித்தார். “அன்னிக்கி சொன்னியே தம்பி, கணக்குப்படி யாருக்கும் இல்லன்னு…” என்று ஆரம்பித்தார். அதற்குள் யாரோ மாலையோடு வந்துவிட்டார்கள். அவர் முடித்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று பல விதமாக ஓட்டிப் பார்த்திருக்கிறேன். “நீ சொன்னதை நம்பிட்டேன்” என்று ஒரு நாள். “நல்ல வேளை சொன்ன” என்று இன்னொரு நாள். நாலு வருஷம் முன்னால் பேசிய ஒரு வரி அவருக்கும் ஞாபகம் இருக்கிறது என்பதே எனக்கு உதைக்கிறது.

2021-ல் அவருக்குச் சீட்டு இல்லை. டிபிசியில் பேசியதால் என்று சிலர், உட்கட்சிச் சண்டை என்று சிலர். மில்காரரைக் கேட்டதற்கு, “அவருக்கு உடம்பு முடியல தம்பி, ஓய்வு எடுக்கட்டும்” என்றார். அவர் உடம்புக்கு ஒன்றுமில்லை. இன்றைக்கும் துக்க வீடுகளில் முதல் ஆளாக நிற்கிறார்.

அன்றைக்கே நான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தால்? ஜெயித்து ஒரு மாதம்கூட ஆகாதவர், அரிசி மூட்டையைத் திருப்பி அனுப்பியிருப்பாரா? அனுப்பத்தான் முடியுமா? கேட்டது கணக்கு, சொன்னது கணக்கு. என் வேலை பதிவேடு எழுதுவது, ஒருவரின் மனசாட்சிக்குத் தணிக்கை செய்வது இல்லை. இதை ஆடிட்டரிடம் சொன்னபோது அவரும் ஆமோதித்தார். ஆமோதித்துவிட்டு, “உன் ஃபீஸை எந்தத் தலைப்புல எழுதின?” என்று கேட்டார்.

எழுதவில்லை. என் கூலியை மில்காரர்தான் கொடுத்தார், ரொக்கமாக, மில் கவரில். பதிவேடு எழுதியவனின் சம்பளம் பதிவேட்டில் இல்லை. அது எனக்கும் அவருக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல், வேட்பாளருக்குச் சம்பந்தமில்லை என்று அப்போது தோன்றியது. பிரிவு 77-ஐ வைத்துப் பார்த்தால் இப்போதும் அப்படி வாதாடலாம்.

2024 பிப்ரவரியில், பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வழி செய்த தேர்தல் பத்திரங்களை உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, பிறகு பட்டியலும் வெளியே வந்தபோது ஆபீஸில் இரண்டு நாள் அதே பேச்சு. யார் வாங்கினார்கள், எந்தக் கட்சிக்குப் போனது என்று ஆளாளுக்கு போனில் தேடிக்கொண்டிருந்தார்கள். மில்காரரின் வருமான வரிக் கணக்கு அப்போது என் மேஜை மேல்தான் இருந்தது. அதில் நன்கொடை என்ற இடத்தில் ஒரு கோயில் திருப்பணி மட்டும்.

இப்போது அடுத்த தேர்தலுக்கு ஒரு இளைஞர் தயாராகிறார். நன்றாகப் பேசுகிறார், வாய்க்கால் தூர்வாரக் கூட்டம் சேர்க்கிறார், வாலிபால் போட்டி நடத்துகிறார். உச்சவரம்பு 40 லட்சமாகிவிட்டது, ரொக்க வரம்பு 10,000-க்கு இறங்கிவிட்டது. போன வாரம் அவரே போன் செய்து, கணக்கு நீங்கள்தான் பார்க்க வேண்டும் என்றார். என் பெயரை யார் சொன்னது என்று கேட்டேன். “எல்லாரும் சொல்றாங்கண்ணே” என்றார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஃபீஸ் மட்டும் உங்கள் தேர்தல் வங்கிக் கணக்கிலிருந்து காசோலையாக வர வேண்டும் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.