மரவள்ளித் தழை மேய்ந்த ஆடுகள்

பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பக்கம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, பிடுங்கும் காலம் வந்தால் எங்கள் கால்நடை மருந்தகத்துக்கு ஒரு போன் தவறாமல் வரும். "சார், ஆடு திடீர்னு விழுந்து இழுக்குது, பாம்பு கடிச்சிருக்குமா?" பிடுங்கிய காட்டில் தழை குவிந்து கிடக்கும். பசித்த ஆடு விடுமா?

மரவள்ளியின் இலையிலும் தோலிலும் லினமரின் என்ற பொருள் இருக்கிறது. இலை கசங்கும்போது அதிலிருந்து சயனைடு பிரியும். அசைபோடும் பிராணிகளின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் அந்த வேலையை இன்னும் வேகமாக முடித்துவிடும். உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் அளவு ஹைட்ரஜன் சயனைடு போதும், ஆடோ மாடோ சாக.

எத்தனை முறை பார்த்தாலும் அந்தச் சாவு மனதைப் பிசைகிறது. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் உண்டாகிறது. அந்தத் தொடரின் கடைசிப் படியில் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற நொதி இருக்கிறது. சயனைடு அதிலுள்ள இரும்பைப் பற்றிக்கொள்ளும். அவ்வளவுதான், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறின் உற்பத்தி நின்றுவிடும். மூச்சு ஓடுகிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய இருக்கிறது, செல்லால்தான் அதை எடுத்துக்கொள்ள முடியவில்லை. அதனால் சிரை ரத்தம்கூடப் பெரும்பாலும் செக்கச்செவேலென்று வரும். தீவனத்தால் வரும் இன்னொரு நச்சான நைட்ரேட் என்றால் ரத்தம் சாக்லேட் நிறமாக இருக்கும். இதைப் பார்க்காமல் ஊசி போடவே கூடாது. சயனைடுக்கு நாங்கள் போடும் சோடியம் நைட்ரைட், நைட்ரேட் ஏறிய மாட்டைக் கொன்றேவிடும்.

நைட்ரைட் ஹீமோகுளோபினில் ஒரு பங்கை மாற்றிவிட, சயனைடு நொதியை விட்டு அதனிடம் போய்ச் சேரும். அப்புறம் சோடியம் தயோசல்பேட், பழைய போட்டோ ஸ்டுடியோக்களில் இருந்த அதே ஹைப்போ, அந்தச் சயனைடைத் தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரோடு வெளியேற்றும். நேரத்துக்குப் போட்டால் கால் உதைத்துக் கிடந்த ஆடு எழுந்து நிற்கும். ஆனால் மலையோரக் காட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பல நேரம் முடிந்துபோகிறது. ஆடு வளர்த்தே மகளைப் படிக்கவைக்கும் ஓர் அம்மா, செத்துக் கிடந்த உருப்படிகளுக்கு நடுவே உட்கார்ந்து, "வயிறு நெறையட்டும்னுதானே சார் விட்டேன்" என்றார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

பால் சங்கத்தில் காலையில் கூடுபவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்: தழையை வெட்டி வெயிலில் நன்றாகக் காயவைத்துக் கொடுங்கள், சயனைடு பெருமளவு போய்விடும். வெறும் வயிற்றோடு அந்தக் காட்டுப் பக்கம் ஓட்டாதீர்கள். வறட்சியில் வாடி, மழைக்குத் துளிர்க்கும் இளஞ்சோளத்திலும் இதே ஆபத்து உண்டு. பெரியவர்களில் பலருக்கு இது தெரியும். விடுமுறையில் ஆடு ஓட்டிப் போகும் பிள்ளைகளுக்குத்தான் தெரிவதில்லை. அதனால் கிழங்கு பிடுங்கத் தொடங்கும் முன்பே இப்போது பள்ளிக்கூடங்களுக்கும் போய் வருகிறோம்.