ஜிப்ஸிக்கு இரண்டாவது பேட்டரி

என் மனைவி கால்நடை மருத்துவர். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, கடமலைக்குண்டு பக்கம் முகாம் என்றால் டிரைவர் நான்தான். வண்டி 2009 மாடல் மாருதி ஜிப்ஸி. கோமாரித் தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். சூடானாலும் கெடும், உறைந்தாலும் கெடும். ஐஸ் பெட்டியில் ஐஸை ஒட்டிக் கிடக்கும் குப்பி உறைந்துவிடுகிறது என்று அவள் புலம்பியதால், 12 வோல்ட்டில் ஓடும் 40 லிட்டர் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கி, வண்டி பேட்டரியிலிருந்தே லைன் இழுத்துக் கொடுத்தேன்.

மாசி மாதம், வருசநாடு தாண்டி ஒரு மலையடிவாரக் கிராமம். காலை ஒன்பதுக்கு இன்ஜினை அணைத்தேன். மூன்றரைக்குச் சாவியைத் திருப்பினால் 'கட்... கட்' என்று சத்தம் மட்டும், செல்ஃப் எடுக்கவில்லை. ஆடு ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் ஆறு பேர் தள்ளினார்கள். இரண்டாவது கியரில் கிளட்சை விட்டதும் பிடித்துக்கொண்டது. "டாக்டரம்மா வண்டிக்கே ஊசி போடணும் போலயே" என்று ஒரு பெரியவர் சொன்னது வீடு வரைக்கும் என் காதில் கேட்டது.

கணக்குப் போட்டால் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஜிப்ஸியின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி. வெயிலில் ஃபிரிட்ஜ் சராசரியாக இரண்டு, இரண்டரை ஆம்பியர் இழுக்கும். ஆறரை மணி நேரத்தில் 15 ஆம்பியர்-மணி போய்விடும். அதுவும் மூன்று வருடப் பழைய பேட்டரி. ஃபிரிட்ஜுக்கென்று தனி பேட்டரி வேண்டும், அது எவ்வளவு இறங்கினாலும் செல்ஃப் அடிக்கும் பேட்டரியைத் தொடக்கூடாது. என் தேவை இவ்வளவுதான்.

மதுரையில் யாரிடம் 'இன்னொரு பேட்டரி' என்று சொன்னாலும் முதலில் வருகிற யோசனை "டியூபுலர் போடுங்க சார்" என்பதுதான். 2012 வாக்கில் பவர்கட் படுத்திய பாட்டில் வீட்டுக்கு வீடு இன்வர்ட்டர் வந்த ஊர் இது. அந்த இன்வர்ட்டருக்குப் போடுகிற பெரிய பேட்டரிதான் டியூபுலர். ஆனால் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் ஐம்பது கிலோவுக்கு மேல். உள்ளே ஆசிட் திரவமாகவே இருக்கும். மலைப்பாதையில் சாய்ந்து குலுங்கினால் மூடி வழியாகக் கசியும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜனும் வெளியே வரும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு அது சேர்ந்தால் ஒரு பொறி போதும். ஜிப்ஸியில் பின்பக்கக் காற்றும் நாம் மூச்சு விடுகிற காற்றும் ஒன்றுதான். ஆகவே அது வேண்டாம்.

பானெட்டுக்குள் வைக்கலாமா என்றும் பார்த்தேன். ஏற்கெனவே நம் ஊர் வெயில், அதற்கு மேல் இன்ஜின் சூடு. பத்து டிகிரி கூடினால் லெட்-ஆசிட் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. லித்தியம் எடை குறைவு, எனக்கும் ஆசைதான். ஆனால் அதை டைனமோவோடு நேராகக் கோத்தால் கொடுப்பதையெல்லாம் உறிஞ்சும். ஐடிலிங்கில் சரியாகக் காற்று வாங்காத டைனமோ வெந்துபோகும். நடுவில், ஏறுகிற கரண்டைக் கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் போட வேண்டும், அது தனிச் செலவு. சித்திரை வெயிலில் பூட்டி நிற்கும் வண்டிக்குள் 60 டிகிரி தாண்டும். அந்தச் சூட்டில் லித்தியத்தின் பாதுகாப்புச் சர்க்யூட்டே சார்ஜை நிறுத்திவிடும். கடைசியில் வண்டியின் பின்பக்கம் 75 ஆம்பியர்-மணி ஏஜிஎம் பேட்டரி என்று முடிவாயிற்று. உள்ளே ஆசிட் கண்ணாடி இழை விரிப்பில் ஊறியிருக்கும், தளும்பாது. அளவுக்கு மேல் சார்ஜ் ஏறினால் அதிலும் வால்வு வழியாக வாயு வரும் என்பதால், காற்றுப் புகாத பெட்டிக்குள் அடைக்கவில்லை.

இரண்டு பேட்டரிகளுக்கும் நடுவில் வோல்டேஜ் பார்த்துத் தானாகவே வேலை செய்யும் சுவிட்ச், அதாவது ரிலே ஒன்று. முன் பேட்டரியில் 13.3 வோல்ட் வந்தால் இரண்டையும் சேர்க்கும், 12.8க்கு இறங்கினால் பிரித்துவிடும். கையால் போடும் சுவிட்சும் உண்டு, விலையும் குறைவு. ஆனால் என் மறதி எனக்குத் தெரியும். புது வண்டிகள் சிலவற்றில் டைனமோவின் வோல்டேஜைக் கம்ப்யூட்டரே ஏற்றி இறக்கும். அங்கே இந்த ரிலே குழம்பும், டிசி-டிசி சார்ஜர்தான் சரி. என் ஜிப்ஸி பழைய ஆள், ஓடும்போது 14 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே சீராகக் கொடுக்கும்.

இதெல்லாம் தெரிந்தும் முதல் தடவை சொதப்பினேன். எனக்கு நேரமில்லை என்று ஒரு கடையில் விட்டேன். இரண்டே மணி நேரத்தில் "முடிஞ்சதுண்ணே" என்றார்கள். ரிலே 'டக்' என்றது, ஃபிரிட்ஜும் ஓடியது. ஒரு வாரம் கழித்துச் சும்மா மீட்டர் வைத்துப் பார்த்தேன். முன்னால் 14.1, பின்னால் 13.3. முக்கால் வோல்ட்டுக்கு மேல் எங்கே போனது? பின்கதவுப் பக்கம் ஒயரைத் தொட்டால் வெதுவெதுப்பு.

வண்டித் தரையில் விரித்திருந்த மேட்டைப் பிரித்ததும் வயிற்றைக் கலக்கியது. வீட்டு ஒயரிங்குக்கு இழுக்கும் 6 சதுர மில்லிமீட்டர் ஒயரைப் போட்டிருந்தார்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் தகட்டில் துளை போட்டு, ரப்பர் வளையம்கூட வைக்காமல் அப்படியே நுழைத்திருந்தார்கள். தகட்டு விளிம்பு தேய்த்துத் தேய்த்து, மேலுறை காகிதம்போல மெலிந்து கிடந்தது. இன்னும் இரண்டு முகாம் போயிருந்தால் செம்பு தெரிந்திருக்கும். எர்த்தைப் பெயின்ட் மேலேயே முறுக்கியிருந்தார்கள். ஃப்யூஸ் ஒன்றே ஒன்று, முன் பேட்டரிப் பக்கம்.

அந்த 'ஒன்றே ஒன்று' பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானும் அதுவே போதும் என்றுதான் நினைத்திருந்தேன். வீட்டில் கரண்ட் ஒரு பக்கமிருந்துதான் வருகிறது. மெயினில் ஃப்யூஸ் போனால் கதை முடிந்தது. இந்த ஒயருக்கோ இரண்டு முனையிலும் பேட்டரி. நடுவில் எங்காவது பாடியில் உரசினால், முன் ஃப்யூஸ் எரிந்து முன் பேட்டரியைக் காப்பாற்றிவிடும். பின் பேட்டரி தன் பாட்டுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரை அந்த ஒயரில் கொட்டிக்கொண்டே இருக்கும், ஒயர் பழுத்து மேட்டைப் பற்றவைக்கும் வரை. ஆகவே ஃப்யூஸ் இரண்டு வேண்டும். ஒவ்வொன்றும் அதனதன் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் நடுவிலுள்ள துண்டுக்குக் காவல் கிடையாது. ஃப்யூஸின் அளவை ஒயரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஃபிரிட்ஜைப் பார்த்து அல்ல.

இரண்டாவது தடவை எல்லாவற்றையும் உருவிப் போட்டு நானே இறங்கினேன். 25 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிள், நாலரை மீட்டர். 35 ஆம்பியர் ஓடும்போது பழைய 6 சதுரத்தில் அரை வோல்ட் அளவுக்குப் போகும், இதில் 0.1 வோல்ட்தான். இரண்டு முனையிலும் 100 ஆம்பியர் ஃப்யூஸ். ரிலே 140 ஆம்பியர் தாங்கும். டவுன்ஹால் ரோட்டில் கேபிள் கேட்டபோது, "காருக்கா சார், இவ்வளவு மொத்தமா?" என்று கடைக்காரர் இரண்டு தடவை உறுதி செய்துகொண்டார்.

கேபிள் முனையில் மாட்டும் உலோக வளையம்தான் லக். அதை அடிப்பதற்குச் சுத்தியல் எடுக்காதீர்கள். புதூர் தொழிற்பேட்டையில் பேனல் போர்டு செய்யும் பட்டறை ஒன்றில் லக்கை அழுத்தி இறுக்கும் ஹைட்ராலிக் கிரிம்பிங் டூல் இருந்தது. எட்டு லக்குக்கு ஒரு டீயும் வடையும்தான் கூலி. காசு வாங்க மாட்டேன் என்றார் அந்தத் தம்பி. லக் அடித்ததும் அவரே கேபிளைக் காலில் மிதித்து, லக்கைக் கையால் இழுத்துக் காட்டினார். அசையவில்லை.

பேட்டரி இருபது கிலோவுக்கு மேல். பிரேக் அடித்தால் பின்மண்டைக்கு வரும் சாமான் அது. இரும்பு ஆங்கிளில் தட்டும் மேல் பட்டையும் வெல்டிங் பட்டறையிலேயே செய்து வாங்கினேன். வண்டியில் வைத்து வெல்டிங் அடிக்க ஒப்பவில்லை. தரையில் நான்கு போல்ட், அடியில் தகட்டுப் பட்டை. இங்கே ஒரு எச்சரிக்கை: ஜிப்ஸியின் பெட்ரோல் டேங்க் பின்தளத்துக்கு அடியில்தான் இருக்கிறது. முதலில் கீழே படுத்து அளந்து, மேலே குறித்து, டிரில் பிட்டில் மரத்துண்டு மாட்டி அரை அங்குலத்துக்கு மேல் இறங்காதபடி செய்துகொண்டேன். அந்த நான்கு துளைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கப் போயிற்று.

வேலையைத் தொடங்கும் முன் மோதிரம், வாட்ச், கழுத்துச் செயின் எல்லாவற்றையும் கழற்றினேன். கல்யாண மோதிரத்தைக் கழற்ற இப்படி ஒரு சாக்கா என்றாள் மனைவி. பாசிட்டிவுக்கும் பாடிக்கும் நடுவில் மோதிரம் மாட்டினால் விரலோடு சேர்ந்து பழுக்கும். அதனால்தான் முதலில் நெகட்டிவைக் கழற்ற வேண்டும், கடைசியில்தான் மாட்ட வேண்டும். நெகட்டிவ் விட்டுப்போன பிறகு ஸ்பேனர் பாசிட்டிவிலிருந்து நழுவிப் பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. கேபிளை முழுக்க நெளிகுழாய்க்குள் விட்டு, துளைக்கெல்லாம் ரப்பர் வளையம் போட்டு, சைலன்சரிலிருந்து ஒதுக்கி, சாணுக்கு ஒரு கிளிப் மாட்டினேன். எர்த் மாட்டும் இடத்தில் பெயின்ட்டைப் பளபளவென்று சுரண்டி, பல் வாஷர் போட்டு முறுக்கி, மேலே வாஸ்லின் தடவினேன். ஃபிரிட்ஜுக்குத் தனி லைன், 15 ஆம்பியர் ஃப்யூஸ். இரண்டு பெரிய ஃப்யூஸையும் எல்லாம் முடிந்த பிறகுதான் மாட்டினேன்.

ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரத்தில் 'டக்'. எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்கப் பக்கத்து வீட்டு எலெக்ட்ரீஷியனின் கிளாம்ப் மீட்டரை வாங்கி மாட்டினால் பூஜ்யம் காட்டியது. போச்சுடா என்று மறுபடி எல்லா நட்டையும் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது, அது ஏசி மட்டும் அளக்கிற மீட்டர்! டிசி அளப்பதை வேறிடத்தில் கேட்டு வாங்கி வைத்தேன்: தொடக்கத்தில் 36 ஆம்பியர், இருபது நிமிடத்தில் 12க்கு இறங்கியது. முன்னால் 14.1 இருக்கும்போது பின்னால் 13.9. கேபிள், லக், ஃப்யூஸ் எல்லாவற்றையும் புறங்கையால் தொட்டேன். குளிர்ச்சி. இன்ஜினை அணைத்து, ஹெட்லைட்டைக் கொஞ்ச நேரம் எரியவிட்டதும் ரிலே பிரிந்துகொண்டது.

அன்றிரவு வேப்பமரத்தடியில் வண்டியை விட்டு, ஃபிரிட்ஜை 4 டிகிரியில் வைத்துத் தூங்கப்போனேன். காலையில் பன்னிரண்டு மணி நேரம் கழித்துப் பின் பேட்டரி 12.4, முன் பேட்டரி 12.7, அசையவே இல்லை. 12.2க்குக் கீழே போனால் பாதி காலி என்று அர்த்தம். அதற்குமேல் இறக்கினால் ஆயுள் குறையும். எனக்கு இந்தக் கணக்கு தாராளம். செலவு, முதல் தடவை தண்டமாகப் போனதை விட்டுவிட்டால், பத்தொன்பதாயிரத்துச் சில்லறை.

நத்தம் சாலையில் போய்ச் சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கிவந்து நட்டுகளைச் சோதித்தேன். தரைப் போல்ட் நான்கில் இரண்டு மட்டும் கால் சுற்று தளர்ந்திருந்தன. நைலான் வளையம் வைத்த நட்டாக மாற்றியபின் அந்தத் தொல்லை இல்லை.

சித்திரையில் மறுபடி அதே கிராமம். மூன்றரைக்கு முகாம் முடிந்ததும், கூப்பிடாமலே நான்கைந்து பேர் வண்டிக்குப் பின்னால் வந்து கையை ஊன்றி நின்றார்கள். வேண்டாம் என்று சொல்லிச் சாவியைத் திருப்பினேன், ஒரே அடியில் எடுத்தது. மேட்டைத் தூக்கி இரண்டாவது பேட்டரியைக் காட்டினேன். ஊசிக் கதை சொன்ன அதே பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு, "அப்ப இதுல செல்லுக்குச் சார்ஜ் ஏத்தலாமா தம்பி?" என்றார். ஏழு செல்போன்கள் வந்தன. ஐந்தரை மணிக்குத்தான் கிளம்ப முடிந்தது.