அவசரச் சிகிச்சை மையத்தில் சுகாதார உதவியாளராகப் பணிபழகிய அனுபவம்

இங்கிலாந்தில் என்.எச்.எஸ். என்னும் அரசுப் பொதுச் சுகாதாரச் சேவையின் அவசரச் சிகிச்சை மையம் ஒன்றில் நான் சுகாதார உதவியாளராகப் பணிபுரிகிறேன். இந்த வேலைக்கு விண்ணப்பிக்க விரும்பும் நம்மவர்கள் என்னிடம் பெரும்பாலும் விண்ணப்பப் படிவத்தையும் நேர்காணலையும் பற்றியே கேட்கிறார்கள். அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, வேலையின் உண்மையான சுமை எங்கே இருக்கிறது என்பதை விரிவாக எழுத விரும்புகிறேன்.

படிவத்தில் தகுதிச் சான்றுகளைவிட, பிறரைப் பராமரித்த அனுபவத்தை எடுத்துக்காட்டுகளோடு எழுதுவதே பயன் தரும். நோயுற்ற பெற்றோரைக் கவனித்துக்கொண்டதும் அதில் சேரும். நேர்காணலில், வலியால் கத்தும் ஒருவரிடம் எப்படிப் பேசுவீர்கள், நோயாளி ஒருவர் உங்களிடம் மட்டும் ஒரு செய்தியைச் சொல்லி யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள் என்பன போன்ற கேள்விகள் வந்தன. தேர்வான பிறகு குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு, முந்தைய வேலையிடங்களின் பரிந்துரைகள், ஹெபடைடிஸ் பி தடுப்பூசி நிலை ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். வெளிநாட்டில் வாழ்ந்தவர்களிடம் அந்நாட்டுக் காவல்துறைச் சான்றும் கேட்கப்படலாம் என்பதால், அதை முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

பணியில் சேர்ந்ததும் கேர் சர்டிஃபிகேட் என்னும் அடிப்படைப் பயிற்சி தொடங்கியது. 2013இல் வெளியான கேவண்டிஷ் ஆய்வறிக்கை, உதவியாளர்களுக்குப் பொதுவான பயிற்சி இல்லாத குறையைச் சுட்டிக்காட்டியதைத் தொடர்ந்து, 2015இல் 15 தரநிலைகளுடன் இது அறிமுகமானது. கணினியில் பாடம் படித்து முடிப்பது இதில் எளிய பாதி. கைகழுவுவதிலிருந்து நோயாளியின் கண்ணியத்தைக் காப்பது வரை ஒவ்வொன்றையும் மேற்பார்வையாளர் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பதே மறுபாதி. அந்தக் கையெழுத்துக்காக அவசரப்படாமல், புரியாததை மறுபடி செய்து காட்டச் சொல்லிக் கேட்கும் துணிவு இங்கே மிகவும் தேவை.

எங்கள் மையம் குடும்ப மருத்துவருக்கும், ஏ அண்ட் ஈ எனப்படும் மருத்துவமனை விபத்து, உயிர்காப்புப் பிரிவுக்கும் இடைப்பட்டது. சுளுக்கு, வெட்டுக்காயம், சிறுநீர்த் தொற்று, குழந்தையின் காய்ச்சல் என்று நேரடியாகவும், என்.எச்.எஸ்.ஸின் 111 என்னும் தொலைபேசி ஆலோசனை எண்ணை அழைத்து நேரம் பெற்றும் வருகிறார்கள். ஆனால் தமக்கு வந்திருப்பது சிறிய நோய்தான் என்று நம்பிக் கடுமையான நோயோடு நடந்து வருபவர்களும் அதே இருக்கைகளில்தான் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பிரித்தறிவதற்கான முதல் தகவல்களை எடுப்பது பெரும்பாலும் உதவியாளரின் கைதான். அதனால்தான் இந்த வேலையை எடுபிடி வேலை என்று யாரேனும் சொன்னால் எனக்கு மனம் ஒப்புவதில்லை.

பதினாறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, கர்ப்பிணிகள் நீங்கலாக, உடல்நிலை எவ்வளவு மோசமாக இருக்கிறது என்று காட்டும் நியூஸ்2 என்னும் மதிப்பெண் முறையைப் பயன்படுத்துகிறோம். இராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் என்னும் மருத்துவர் அமைப்பு 2012இல் கொண்டுவந்து 2017இல் திருத்திய முறை இது. சுவாச எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, உணர்வுநிலை, உடல்வெப்பம் ஆகிய ஆறும் இயல்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் உண்டு. செயற்கையாக ஆக்சிஜன் கொடுக்கப்பட்டிருந்தால் அதற்குத் தனியாக 2 சேரும். கூட்டுத்தொகை 5 அல்லது 6 என்றால் அவசரம், 7 அல்லது அதற்கு மேல் என்றால் அதிஅவசரம்.

இந்த ஆறில் எனக்குப் பயிற்சியளித்த செவிலியர் மிகவும் வலியுறுத்தியது சுவாச எண்ணிக்கையைத்தான். நாங்கள் சக்கரங்களில் தள்ளிச் செல்லும் இயந்திரம் அழுத்தத்தையும் நாடியையும் ஆக்சிஜனையும் காட்டிவிடும். மூச்சை மட்டும் கண்ணால் பார்த்து, கடிகாரத்தை வைத்து, முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். எண்ணப்படுகிறோம் என்று தெரிந்தால் மூச்சின் போக்கு மாறிவிடும் என்பதால், நாடி பார்ப்பவரைப் போல மணிக்கட்டைப் பிடித்தபடியே நெஞ்சின் அசைவைக் கவனிப்போம். காத்திருப்போர் நிறைந்திருக்கும் மாலை வேளையில் அந்த ஒரு நிமிடம் மிக நீளமாகத் தோன்றும். ஆயினும் உடலில் அமிலம் கூடும்போதும் ஆக்சிஜன் போதாதபோதும் முதலில் விரைவது மூச்சுதான். இரத்த அழுத்தம் பல நேரங்களில் கடைசிவரை தாக்குப்பிடித்துவிட்டுப் பிறகே சரியும். ஆகவே மூச்சைக் குத்துமதிப்பாக எழுதுவது, எச்சரிக்கை தரும் எண்ணை நாமே அழிப்பதற்குச் சமம்.

உணர்வுநிலையும் அப்படிப்பட்டதே. அடையாளங்களைத் தவிர்த்து ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். இருமலோடு வந்த முதியவர் ஒருவருக்குச் சுவாசம் 24, ஆக்சிஜன் 95, நாடி 108. மற்றவை இயல்பாக இருந்தன. இவற்றுக்கான மதிப்பெண்களைக் கூட்டினால் 4. அவர் மகளிடம், "அப்பா எப்போதும் இப்படித்தான் பேசுவாரா?" என்று கேட்டேன். "இல்லை, காலையிலிருந்துதான் சம்பந்தமில்லாமல் பேசுகிறார்" என்றார். புதிதாகத் தோன்றிய குழப்பத்துக்கு 3 மதிப்பெண் என்பது 2017இன் திருத்தத்தில் வந்தது. ஆக மொத்தம் 7. உடனே பொறுப்பு மருத்துவரிடம் சென்று, இப்போது என்ன நிலை, பின்னணி என்ன, நான் அளந்தவை எவை, அவரிடமிருந்து எனக்கு என்ன தேவை என்று எஸ்பார் முறையில் வரிசையாகச் சொன்னேன். அவர் எழுந்து வந்து பார்த்தார். சிறிது நேரத்தில் ஆம்புலன்ஸ் அழைக்கப்பட்டது. முதியவரைத் தன் சிறுவயதிலிருந்தே அறிந்த மகளின் ஒரு வரி, எந்த இயந்திரமும் தந்திருக்க முடியாத தகவல்.

நெஞ்சுவலி என்று யாராவது சொன்னால் பத்து நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்து மருத்துவர் கையில் கொடுப்பது எங்கள் இலக்கு. பத்து மின்முனைகளையும் சரியான இடத்தில் ஒட்ட வேண்டும். நெஞ்சில் ஒட்டுபவற்றில் முதலிரண்டும் நான்காவது விலா இடைவெளியில், மார்பெலும்பின் இருபுறமும் அமைய வேண்டும். அவற்றைக் கழுத்தெலும்பை ஒட்டி உயரத்தில் ஒட்டினால் இல்லாத நோய் இருப்பதுபோல் வரைபடம் காட்டக்கூடும். விரலால் இடைவெளிகளைத் தொட்டு எண்ணித்தான் ஒட்டுகிறேன். திரையை இழுத்துவிட்டு, என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லி, ஒப்புதல் பெற்று, வேலை முடிந்த பகுதியை உடனே போர்வையால் மூடுவது இதில் ஒரு பாதி வேலை. வரைபடம் வெளிவந்ததும் "எப்படி இருக்கிறது?" என்று நோயாளி கேட்பார். அதற்குப் பொருள் சொல்லும் தகுதி எனக்கில்லை. "இதைப் படித்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர், இப்போதே அவரிடம் கொண்டுபோகிறேன்" என்று சொல்லி, அப்படியே செய்கிறேன். வெறும் ஆறுதலுக்காக "ஒன்றுமில்லை" என்று சொல்வது கூடாது.

இரத்தம் எடுப்பதற்குத் தனிப் பயிற்சி உண்டு. குழாய்களின் வரிசையை ஏன் மாற்றக் கூடாது என்பதை அங்கே காரணத்தோடு கற்பித்தார்கள்: ஊதா மூடிக் குழாயில் உள்ள பொட்டாசியம் கலந்த இரசாயனம் அடுத்த குழாயில் சிறிது கலந்தாலும், பொட்டாசியம் ஆபத்தான அளவில் கூடியிருப்பதாக முடிவு வரக்கூடும். காரணம் தெரிந்த விதி மறப்பதில்லை.

விண்ணப்பிப்பவர்கள் நேர்காணலின் முடிவில் தாமும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறேன். தொடக்க வாரங்களில் பணியாளர் எண்ணிக்கையில் சேர்க்காமல் கூடுதல் ஆளாக வைத்துப் பழக்குவீர்களா என்பது ஒன்று. ஒரு நோயாளியைப் பற்றி எனக்குக் கவலை வந்தால், அந்தந்த நேரப் பணியில் நான் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் தெளிவான பதில் கிடைக்கும் மையத்தைத் தேர்ந்தெடுங்கள்.