வாழைநாரில் நின்ற தக்காளி

எங்கள் வீடு குமரி மாவட்டத்துத் தோவாளையில். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஆடியில் எப்படி அடிக்கும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். கொடியில் காயும் சட்டைக்கு மூன்று கிளிப் போட்டாலும் பத்தாது. அந்தக் காற்றில்தான் செர்ரி தக்காளி வைத்தேன்.

அதுவரை வளர்த்தது பெரியகுளத்துத் தக்காளி ரகமான பி.கே.எம்.1. அது ஓரளவு வளர்ந்து நின்றுவிடும். செர்ரி அப்படியில்லை, விட்டால் கூரையைப் பிடிக்கும். இடுப்புயரம் வந்ததும் முருங்கைக் கம்பு ஒன்றை ஊன்றி நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். ஒரே வாரம். காற்றில் ஆடி ஆடிக் கயிறு தண்டை அறுத்து, ஒரு செடி கட்டிய இடத்திலேயே முறிந்து தொங்கியது.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா பூக்கட்டுகிறவர். பார்த்துவிட்டுச் சிரித்தார். "நைலானை வச்சு யாராவது கட்டுவாவளா மக்கா? நாரைத் தண்ணியில நனைச்சுக் கட்டு" என்று ஒரு பிடி வாழைநார் தந்தார். நனைந்த நார் துணி மாதிரி வளையும். தண்டைச் சுற்றி ஒரு வளையம், நடுவில் குறுக்கே முறுக்கி கம்பைச் சுற்றி இன்னொன்று, எட்டு வடிவில். கம்போடு முடிச்சை இறுக்கினாலும் தண்டுப் பக்கம் விரல் நுழையும் அளவு தளர்வு விட்டேன். கம்பையும் மாற்றி, கமுகு மரத்தைப் பிளந்த வாரிகளைச் செடிக்கு இரண்டாக முழங்கை ஆழத்துக்கு இறக்கினேன்.

அடுத்தது கிள்ளுவது. இலைக்காம்பு தண்டில் சேரும் கக்கத்தில் வருவது பக்கத் தளிர். பூங்கொத்து அங்கே வராது, இரண்டு இலைகளுக்கு நடுவே தண்டிலிருந்தே கிளம்பும். இது தெரியாமல் முதல் நாள் இரண்டு பூங்கொத்தைக் கிள்ளித் தொலைத்தேன். தளிர் விரல் நீளம் இருக்கும்போதே, வெயில் ஏறிப் பனி காய்ந்த பிறகு, நகத்தால் ஒடித்தால் போதும். கையெல்லாம் பச்சைக்கறை, சோப்பு போட்டால் மஞ்சளாக ஓடும். முதல் பூங்கொத்துக்குக் கீழே வந்த ஒரு தளிரை மட்டும் விட்டு, செடிக்கு இரண்டு தண்டு என்று வைத்துக்கொண்டேன்.

மண் தெறிக்கிற அடியிலைகளையும் எடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆர்வத்தில் மேலேயும் கழித்துவிட, வெயில் பட்ட காய்களில் வெள்ளைத் திட்டு விழுந்து தோல் காகிதமாகிவிட்டது. மறைக்க இலை இல்லையே!

கிள்ளிய தளிர்களில் நான்கைத் தண்ணீரில் போட்டேன், ஒரு வாரத்துக்குள் வேர்விட்டன. முறிந்த செடியின் இடத்தில் இப்போது அவைதான் நிற்கின்றன. பிடுங்காமல் விட்ட முருங்கைக் கம்பும் துளிர்த்துவிட்டது, கீரைக்கு ஆச்சு.