டிவில டாஸ்க்பார் பாதி காணோமா? கம்ப்யூட்டர நோண்டாதீங்க, ரிமோட்ட எடுங்க

லேப்டாப்ப ஹெச்டிஎம்ஐ கேபிள்ல டிவிக்கு மாட்டுனதும் படம் வந்துரும், சவுண்டும் வந்துரும், ஆனா கீழ டாஸ்க்பார் பாதிதான் தெரியும், ஒரு விண்டோவ பெருசாக்குனா மேல மூலைல இருக்க க்ளோஸ் பட்டன் டிவி சட்டத்துக்கு அந்தப் பக்கம் போயிருக்கும். உடனே எல்லாரும் பண்ற முதல் வேலை ரெசல்யூஷன கொறைக்கிறது. 1920x1080ல இருந்தத 1280x720க்கு மாத்துவாங்க, எழுத்து பெருசாகும், ஆனா ஓரம் அப்பவும் வெட்டுதான். ஏன்னா வெட்டுறது கம்ப்யூட்டரே இல்லங்க. அது முழுப் படத்தையும் ஒழுங்கா அனுப்பிருச்சு, டிவிதான் அத வாங்கி கொஞ்சம் பெருசாக்கி நாலு ஓரத்தையும் வெளிய தள்ளிருது. இதுக்கு ஓவர்ஸ்கேன்னு பேரு.

இது பிக்சர் ட்யூப் காலத்து பழக்கம். அந்த டிவிங்கள்ல கரண்ட் ஏறி இறங்குனா, ட்யூப் சூடானா, செட்டுக்கு வயசானா படத்தோட சைஸே மாறும். ஒரே மாடல் ரெண்டு செட்ட பக்கத்துல வெச்சா கூட படம் ஒரே அளவுல இருக்கும்னு சொல்ல முடியாது. படம் சுருங்கி சுத்தி கருப்பா தெரிஞ்சிரக் கூடாதேன்னு, துணி தைக்கிறவங்க தையலுக்கு ஓரம் விடுற மாதிரி, படத்த ஸ்க்ரீனை விட கொஞ்சம் பெருசாவே வரைய வெச்சாங்க. ப்ரோக்ராம் எடுக்கிறவங்களுக்கும் இது தெரியும், அதனால முக்கியமான காட்சி நடு 90 சதவீதத்துக்குள்ள, எழுத்து நடு 80 சதவீதத்துக்குள்ளன்னு ஒரு கணக்கு வெச்சிருந்தாங்க. நம்ம ஊர் பழைய டிவி ஒளிபரப்பு முறையான பால் (PAL) சிக்னல்ல மொத்தம் 625 வரி, அதுல படத்துக்கு 576தான், மிச்ச வரில டெலிடெக்ஸ்ட் (டிவில எழுத்தா படிக்கிற தகவல்) மாதிரி சமாச்சாரமெல்லாம் வரும், படம் கொஞ்சம் இறங்கிட்டா அது ஸ்க்ரீன் உச்சில புள்ளி புள்ளியா மினுக்கும். அதையும் சேர்த்து மறைச்சிரலாம். அப்போ நியாயமான ஏற்பாடுதான், நான் குறை சொல்ல மாட்டேன்.

எல்சிடி வந்தப்புறம் இதுக்கு என்ன வேலை? பேனல்ல இத்தன பிக்சல்னு கம்பெனிலயே முடிவாகிருது, சூட்டுக்கு சுருங்கப் போறதில்ல. ஆனாலும் நிறைய டிவி ஹெச்டிஎம்ஐல 1080 வந்தா அத செட்டாப் பாக்ஸ் படம்னே நெனச்சு அதே பழைய பெருசாக்குற வேலைய பண்ணுது. படம் முழுசா காட்டணுமா ஓரம் வெட்டலாமான்னு சொல்றதுக்கு ஹெச்டிஎம்ஐ சிக்னல்லயே ஒரு இடம் இருக்கு, அத கண்டுக்காத டிவியும் நிறைய இருக்கு. இதே எல்சிடி டிவில விஜிஏ (கம்ப்யூட்டர் மானிட்டருக்கு மாட்டுற பழைய வகை) கேபிள் போட்டா பெரும்பாலும் ஓரம் முழுசா வரும், ஏன்னா அந்த போர்ட்ல வர்றது கம்ப்யூட்டர்தான்னு டிவிக்கு சந்தேகமே இல்ல.

சரி எவ்ளோ போகுது? 5 சதவீதம்னு வெச்சுக்கங்க. 1920ல 96 பிக்சல், 1080ல 54, அதாவது கீழ மட்டும் 27 பிக்சல் காலி. விண்டோஸ் 10 டாஸ்க்பாரோட உயரமே 40 பிக்சல்தான், அதான் பாதிக்கு மேல முழுங்கிருது. எனக்கு இத விட கடுப்பு வேற ஒன்னு. மிச்சம் இருக்க 1824x1026 படத்த திரும்ப 1920x1080க்கு இழுத்து ஒட்டுறாங்கல்ல, அங்க ஒரு பிக்சலுக்கு ஒரு பிக்சல்ங்கற கணக்கு போயிருது, எழுத்தோட ஓரமெல்லாம் மங்கலாகுது. சினிமா பாக்குறப்போ தெரியாது, எக்ஸெல் தெறந்தா உடனே தெரியும்.

அதனால சரி பண்ண வேண்டியது டிவிலதான். ரிமோட்ட எடுத்து பிக்சர் சைஸ் இல்லன்னா ஆஸ்பெக்ட் ரேஷியோன்னு இருக்க மெனுவுக்கு போங்க. பேருதான் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொன்னு, எல்ஜில ஜஸ்ட் ஸ்கேன், சாம்சங்ல ஸ்க்ரீன் ஃபிட் இல்லன்னா ஃபிட் டு ஸ்க்ரீன், சோனில ஃபுல் பிக்சல், ஷார்ப்ல டாட் பை டாட், ஃபிலிப்ஸ்ல அன்ஸ்கேல்டு, பானாசோனிக்ல நேராவே ஓவர்ஸ்கேன்னு போட்டு ஆன் ஆஃப் குடுத்திருப்பாங்க. சில மாடல்ல 16:9 செலக்ட் பண்ணதுக்கு அப்புறம்தான் உள்ள இந்த ஆப்ஷன் தெரியும். பல டிவில இந்த செட்டிங் போர்ட்டுக்கு போர்ட் தனித்தனி, கேபிள வேற போர்ட்ல மாத்தி சொருகுனா மறுபடி பண்ணணும்.

இன்னொரு வழியும் இருக்கு. சோர்ஸ் லிஸ்ட்ல அந்த ஹெச்டிஎம்ஐ போர்ட்டோட பேர பிசின்னு மாத்துங்க. வெறும் லேபிள்தானேன்னு தோணும், ஆனா சில டிவில அந்த பேருக்குன்னே தனி மோடு இருக்கு, ஓவர்ஸ்கேன் நிக்கும், கலர் விவரத்த கொறைக்காம முழுசா காட்டும், அதனால கருப்பு பேக்ரவுண்ட்ல செவப்பு எழுத்து கூட சுத்தமா தெரியும், மவுஸ் இழுக்குறப்போ வர்ற தாமதமும் கொறையும்.

டிவில எங்க தேடியும் ஆப்ஷன் இல்லன்னா மட்டும் கம்ப்யூட்டர் பக்கம் வாங்க. கம்ப்யூட்டர்ல இருக்க கிராஃபிக்ஸ் கார்டு ஏஎம்டின்னா அதோட செட்டிங்ல ஹெச்டிஎம்ஐ ஸ்கேலிங்னு ஒரு ஸ்லைடர், என்விடியான்னா டெஸ்க்டாப் சைஸ மாத்துற பக்கம், மேக்ல டிஸ்ப்ளே செட்டிங்ல அண்டர்ஸ்கேன் ஸ்லைடர். இதெல்லாம் என்ன பண்ணுதுன்னா படத்த முன்னாடியே சுருக்கி சுத்தி கருப்பு ஓரம் சேர்த்து அனுப்புது, டிவி அந்த கருப்ப வெட்டிட்டு போகுது. ஓரம் கெடைக்கும், ஆனா இங்க ஒரு தடவ சுருங்கி அங்க ஒரு தடவ பெருசாகி எழுத்து இன்னும் மோசமாகும்.

இதுல ஒரு கூத்து, சில ஏஎம்டி டிரைவர் (கார்ட இயக்குற சாஃப்ட்வேர்) டிவிய பாத்தாலே நம்மள கேக்காம தானே சுருக்கி அனுப்பும். டிவி பெருசாக்க, கார்டு சுருக்க, ரெண்டும் சரியா அடிச்சுக்கிட்டு ஓரமெல்லாம் தெரியும், எழுத்து மட்டும் ஏன் மங்கல்னு புரியவே புரியாது. டிவில ஓவர்ஸ்கேன நிறுத்துனதும் திடீர்னு சுத்தி கருப்பு சட்டம் வந்துச்சுன்னா பதறாதீங்க, கார்டு ஸ்லைடர 0க்கு கொண்டு வந்துருங்க, அதான் சரியான நெலம.

1366x768 பேனல் டிவி வெச்சிருக்கவங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஓவர்ஸ்கேன நிறுத்துனா ஓரம் உங்களுக்கும் முழுசா வரும், ஆனா ஹெச்டிஎம்ஐல போற 720, 1080 ரெண்டும் அந்த பேனல் கணக்குக்கு ஒத்து வராது, டிவி எப்படியும் நீட்டியோ சுருக்கியோதான் காட்டும், முழு கூர்மைய எதிர்பாக்காதீங்க. விஜிஏல 1360x768 எடுக்குதான்னு பாருங்க, எடுத்தா எழுத்து நல்லாவே இருக்கும்.

மத்தவங்க சரியா செட் ஆச்சான்னு பாக்க, ஒரு பிக்சல் கருப்பு ஒரு பிக்சல் வெள்ளைன்னு மாத்தி மாத்தி வர்ற கட்டப் படம் ஒன்ன ஸ்க்ரீன் சைஸுக்கே செஞ்சு 100 சதவீதத்துல ஃபுல் ஸ்க்ரீன்ல போடுங்க. மூலைக்கு மூலை ஒரே சாம்பல் கலரா இருந்தா வேலை முடிஞ்சது. அலை அலையா பட்டை தெரிஞ்சா எங்கயோ இன்னும் யாரோ படத்த இழுத்துக்கிட்டு இருக்காங்க, திரும்ப மெனுவுக்கு போங்க.